நிற்கும் வண்டியும் சாகும் பாட்டரியும்

ஓடும் வண்டிதான் தேயும்; நிற்கும் வண்டிக்கு என்ன குறை நேரும் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். பாட்டரியைப் பொறுத்தமட்டில் இவ்வெண்ணம் முற்றிலும் தவறு. நாள்தோறும் ஓடும் லாரியின் பாட்டரி ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. கொட்டகையில் ஓய்வெடுக்கும் லாரியின் பாட்டரியோ ஓசையின்றிச் சாகிறது.

நமது பங்கில் டீசல் லாரி ஒன்று உண்டு. பந்தல் சாமான்களும் நாற்காலிகளும் ஏற்றிவர ஆண்டில் சில நாட்களே அது வெளியே செல்லும். ஆயினும் அதை விற்றுவிட நமக்கு மனமில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது நம் பகுதியில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. மின்சாரம் இல்லாத ஊரில் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றவும் வழியில்லை. விழுந்த மரங்களை வெட்டிச் சாலையைத் திறந்ததும் நம் ஓட்டுநர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உடனே உறுமியது. அரிசி மூட்டைகளும் தண்ணீர்ப் பீப்பாய்களும் குடிசைகளை நோக்கிப் புறப்பட்டன. அடுத்த தெருவில் நின்ற மற்றொரு லாரியோ செல்ப் எடுக்கவில்லை. அதற்கும் நல்ல எஞ்சின்தான். பாட்டரிதான் இறந்து கிடந்தது.

இதன் காரணத்தை அறிதல் நலம். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை மிக அழுத்திச் சூடாக்கியே எரிபொருளைப் பற்றவைக்க வேண்டும். அவ்வழுத்தத்தை எதிர்த்து எஞ்சினைச் சுழற்ற, செல்ப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தை ஒரே மூச்சில் கேட்கும். விளக்கு எரிகிறது, ஹாரன் ஒலிக்கிறது என்பதால் பாட்டரி நலமென்று கொள்ளலாகாது.

பயனின்றி இருக்கும் பாட்டரி தானாகவே சார்ஜ் இழக்கும். வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் அவ்விழப்பு ஏறக்குறைய இரட்டிக்கும். தகரக் கொட்டகையின் கோடை வெயிலை எண்ணிப் பாருங்கள். கடிகாரம் போன்ற சிறு கருவிகள் 30 மில்லி ஆம்பியர் இழுத்தாலும், 30 நாளில் 21 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். குறைந்த சார்ஜிலேயே பாட்டரி நாட்கணக்கில் கிடந்தால், ஈயத் தகடுகளின்மேல் படியும் ஈய சல்பேட் இறுகிக் கல்லாகிவிடும். அதன்பின் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய வலிமை திரும்பாது.

நம் ஓட்டுநர் கைக்கொள்ளும் முறை எளியது. இரு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை லாரியை முக்கால் மணி நேரம் சாலையில் ஓட்டுவார். நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் எஞ்சினை உறுமவிடுதல் போதாது. ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரமே அதில் முழுமையாகத் திரும்பாமற் போகலாம். நீண்ட நாள் நிறுத்த நேர்ந்தால் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுவார். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில் என்பது விதி. மாறிச் செய்தால், ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டுப் பெருந்தீப்பொறி எழக்கூடும். சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால், அருகில் பீடியோ விளக்கோ ஆகாது.

மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்ப்பார். சில மணி நேரம் ஓய்வில் இருந்த 12 வோல்ட் பாட்டரி 12.6 காட்டினால் நிறைவு, 12.4க்குக் கீழ் இறங்கினால் சார்ஜ் ஏற்ற வேண்டும். மூடி திறக்கும் பாட்டரியாயின் தகடுகள் மூழ்குமாறு டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீரும் ஆசிடும் கூடா. டெர்மினலில் பூத்த உப்பைத் துடைத்து வாசலின் தடவுவார்.

நமது லாரியில் இரு பாட்டரிகள் இணைந்து 24 வோல்ட் தருகின்றன. வாங்கிய புதிதில் அவற்றுள் ஒன்று மட்டும் எப்போதும் தளர்ந்தே இருந்தது. ஓட்டுநர் வயரைத் தொடர்ந்து சென்று பார்த்தார். முன்பு வைத்திருந்தவர் பாட்டுப் பெட்டிக்காக ஒரே பாட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்திருந்தார்! ஒன்றே சுமக்க, மற்றது சும்மா இருந்தது. அவ்விணைப்பை நீக்கிய பின்னரே இரண்டும் சமமாயின. இத்தகைய இணையில் ஒன்று பழுதானால் இரண்டையும் சேர்த்தே மாற்றுதல் நன்று. புதியதும் பழையதும் ஒத்துழைப்பதில்லை.

இல்லத்து டிராக்டருக்கும், ஜெனரேட்டருக்கும், வெளிநாடு சென்ற மகன் விட்டுச்சென்ற காருக்கும் இதுவே பொருந்தும். வானொலியில் புயலறிவிப்பு கேட்ட பின் பாட்டரியைத் தேடி ஓடுவதில் பயனில்லை. எவருக்கும் தெரியாமல் கழிந்த சனிக்கிழமைகளே அந்நாளில் வண்டியைக் கிளப்பும்.