மெலாவத்தி மலையில் ஒரு காலை நடை

பேரங்காடியில் சுற்றுவதையே உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்கும் மேரு நண்பர்களே, காப்பாரும் ஜெராமும் தாண்டினால் கோலசிலாங்கூர். சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் ஊர். மீன் சாப்பிடப் போகிறோம், மின்மினி பார்க்கப் போகிறோம். நடக்கத்தான் யாரும் போவதில்லை!

அங்குள்ள புக்கிட் மெலாவத்தி அப்படியொன்றும் உயரமில்லை. மலையைச் சுற்றித் தார்ச்சாலை, மேலே நல்ல மர நிழல். 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்துக்கொண்ட கோட்டையின் மிச்சமும் பீரங்கிகளும் இருக்கின்றன. 1907இல் கட்டிய கலங்கரை விளக்கமும் உண்டு. மலையிலிருந்து பார்த்தால் அலையாத்திக் காடு, அதற்கப்பால் மலாக்கா நீரிணை.

மலையில் திரியும் லோத்தோங் குரங்குகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். தாய்க்குச் சாம்பல் கறுப்பு ரோமம். மடியில் ஒட்டியிருக்கும் குட்டி மட்டும் பளீரென்ற ஆரஞ்சு. சில மாதங்களில் அதுவும் கறுத்துவிடும். சாதுவான பிராணி. பையைப் பிடுங்குவது நீளவால் குரங்குதான், பழி லோத்தோங்மேல்.

அடிவாரத்தில் இயற்கைப் பூங்கா. என்னைக் கேட்டால் மலையைவிட அதுதான் உசத்தி. நீர் வற்றிய நேரத்தில் சேற்றில் மீன் துள்ளி நடக்கும். ஒற்றைக் கொடுக்கு பெருத்த நண்டு, அதை ஆட்டி ஆட்டி யாரையோ கூப்பிடும். பிள்ளைகள் கைப்பேசியை மறப்பார்கள்.

வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். கொசு மருந்து கட்டாயம். குரங்குக்குத் தீனி மட்டும் வேண்டாம், புண்ணியமாகப் போகும்.