கறுப்புப் பெட்டியின் சாவி

பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வந்தவன் வீட்டில் ஒரு கறுப்புத் தகரப் பெட்டி இருக்கும். மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் அவன் நம்பர், ரேங்க், பெயர். உள்ளே டிஸ்சார்ஜ் புக், பிபிஓ என்கிற பென்ஷன் உத்தரவு, பதக்கங்கள். சாவி அவனிடம். பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று மனைவியைக் கேட்டுப் பாருங்கள். "அது அவரு பொட்டிங்க, நான் தொடவே மாட்டேன்" என்பாள். பெருமையாகவே சொல்வாள். எனக்குப் பயமே அந்தப் பெருமையைக் கேட்டால்தான்.

நான் சுபேதாராக ஓய்வு பெற்றவன். எங்கள் மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதை ஒரு வேலையாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அரசு தருகிற தொகை போதாது என்று சண்டை போடலாம், நானும் போடுவேன். ஆனால் அங்கே வெறுங்கையோடு திரும்புகிறவர்களில் பெரும்பாலோரை மடக்குவது தொகை இல்லை, பெயர்.

நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. ஆள் சேர்க்கும்போது வடக்கத்திக் கிளார்க் அப்பா பெயரைப் பின்னால் ஒட்டி ஏதோ ஒரு எழுத்துக்கூட்டில் எழுதிக்கொள்வார். பிறகு கல்யாணம். லீவு முடிந்து போனவன், மனைவி பெயர் 'செல்வி' என்று யூனிட் ஆபீஸில் வாயால் சொல்லியிருப்பான். ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் அவள் தமிழ்ச்செல்வி. பிறந்த தேதி கேட்டால் தெரியாது, ஏதோ ஒரு வருஷத்து ஜனவரி ஒன்றாம் தேதியைச் சொல்லி வைப்பான். அவன் உயிரோடு இருக்கும்வரை இதனால் ஒரு இடைஞ்சலும் வராது. அவன் கண் மூடிய மறுமாதம், செல்வி வேறு தமிழ்ச்செல்வி வேறு ஆகிவிடுவார்கள்.

திருத்தலாம். அவனே இருக்கும்போது ஒரு உறுதிமொழிப் பத்திரம், நகல்கள், நல அலுவலகம் வழியாக ரெக்கார்ட் ஆபீஸுக்கு ஒரு கடிதம், அவ்வளவுதான். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, ஆர்ட்டிலரிக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர். அவன் போன பிறகு இதே கடிதத்தைக் கிராமத்தில் இருக்கிற ஒரு விதவை, தான் யார் என்று நிரூபித்துக்கொண்டே ஜபல்பூருக்கு எழுத வேண்டும்.

ஒரு அம்மாள் மஞ்சப்பையோடு வந்தார். கணவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. உதவியாளர் மரியாதையாகத்தான் "பிபிஓ இருக்காம்மா?" என்று கேட்டார். அந்த அம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "போலீஸ் கேஸ் எதுவும் இல்லீங்க சார், நல்ல சாவுதான்" என்றார். பென்ஷன் உத்தரவைத்தான் கேட்கிறார்கள் என்று நான் சொன்னதும், பையிலிருந்து கைக்குட்டையில் முடிந்த பதக்கங்களை எடுத்து மேசைமேல் வைத்தார். வீட்டில் அவர் தொட்டுப் பார்த்திருந்த ஒரே பட்டாளத்துச் சாமான் அதுதான். பதக்கத்தைக் காட்டினால் யாருக்கும் குடும்ப ஓய்வூதியம் வராது.

எதை எங்கே கேட்பது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பென்ஷன் மத்திய அரசின் பாதுகாப்புக் கணக்குத் துறை கொடுப்பது, இப்போது ஸ்பர்ஷ் என்கிற இணைய முறையில் வருகிறது. வருஷத்துக்கு ஒருமுறை உயிர்வாழ்ச் சான்று கொடுக்காவிட்டால் நின்றுபோகும். மருத்துவத்துக்கு 2003இல் தொடங்கிய இசிஹெச்எஸ். இந்த இரண்டுக்கும் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள், உதவியும் செய்வார்கள், பணம் கொடுப்பது அவர்கள் இல்லை. மாநிலத்தின் கை நீளுவது வேறு இடங்களில்: முன்னாள் படைவீரருக்கும் விதவைக்கும் அடையாள அட்டை, பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, கல்லூரியில் சேரும்போது கேட்கிற சார்ந்தோர் சான்று, மகள் கல்யாணத்துக்கு நிதி, ஈமச்சடங்கு நிதி, தையல் கற்றவளுக்குத் தையல் இயந்திரம். டிசம்பர் 7ஆம் தேதி நாம் உண்டியலில் போடுகிறோமே கொடிநாள் பணம், அதுவும் இந்தக் குடும்பங்களுக்குத்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். எல்லாப் படிவத்திலும் அதே டிஸ்சார்ஜ் புக் நகல், அதே பெயர்.

ஒரு சிப்பாய் வீடு திரும்பும்போது அவனுக்கு முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயது இருக்கலாம். பாதி ஆயுள் பாக்கி. பலர் 1986இல் மாநில அரசு தொடங்கிய முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ மூலம் காவலர் வேலைக்குப் போகிறார்கள். கௌரவமான வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் ரேடாரையும் டாங்கையும் பழுது பார்த்த கை, கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. அதனால்தான் 2025இல் வந்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தை எல்லோரிடமும் சொல்கிறேன். தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், 30 விழுக்காடு மூலதன மானியம், 3 விழுக்காடு வட்டி மானியம். கடன் கடன்தான், மானியத்தை நினைத்துக் கடை போடாதே என்றும் கூடவே சொல்கிறேன். கணக்குப் பார்க்கத் தெரிந்த மனைவி இருந்தால் அவளைக் கேட்டுப் போடு. நீ கார்கிலில் இருந்தபோது வீட்டை நடத்தியவள் அவள்தானே.

லீவில் வருகிற தம்பிகள் கேன்டீனுக்கு வண்டியை எடுக்கும்போது ஒருநாள் மனைவியையும் ஏற்றிக்கொள்ளட்டும். திரும்பும் வழியில் நல அலுவலகத்தைக் காட்டட்டும். வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கிறதா, யூனிட் பதிவில் அவள் பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று அவள் எதிரிலேயே சரிபார்க்கட்டும். சாவு பேச்சு எதற்கு என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

அரசிடமும் ஒரு கோரிக்கை உண்டு. நல அலுவலகம் மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. மலைக்கிராமத்து விதவை பஸ் மாறி வந்து சேர்வதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிடுகிறது. மாதத்தில் ஒருநாள் ஒவ்வொரு தாலுகா ஆபீஸிலும் உதவியாளர் ஒருவர் முத்திரையோடும் பதிவேட்டோடும் வந்து உட்காரட்டும். பெயர்த் திருத்தத்தை அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும். மனு எழுதிக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் எங்களைப் போன்ற கிழவர்கள் தாலுகாவுக்கு நாலு பேராவது கிடைப்பார்கள், பஸ் கட்டணம்கூடக் கேட்க மாட்டோம்.