காசுக்கேத்த தோசை, 35,000 அடி உயரத்தில்

விமானத்தில் முதல் வகுப்பில் போகிறவரும், கடைசி வரிசையில் கழிவறைக்குப் பக்கத்தில் ஒடுங்கிப் போகிறவரும் ஒரே நேரத்தில்தான் கிளம்புகிறார்கள். ஒரே நேரத்தில்தான் இறங்குகிறார்கள். விமானி ஒருவர், வேகம் ஒன்று, குலுங்கினால் இருவருக்கும்தான் குலுங்கும். ஆனால் டிக்கெட் விலை மட்டும் ஐந்து மடங்கு, பத்து மடங்கு கூட வித்தியாசப்படலாம். "காசுக்கேத்த தோசை, இதில் என்ன அதிசயம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் குறைந்த காசு கொடுத்தவருக்குக் கிடைப்பது சின்ன தோசையா, இல்லை வேண்டுமென்றே கருக்கிய தோசையா என்பதுதான் இங்கே விஷயம்.

இந்தக் கேள்வி விமானத்தைவிடப் பழசு. 1849ல் ஜூல் டுபுய் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ரயிலைப் பற்றி இதையேதான் எழுதினார். அந்தக் காலத்து மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் சிலவற்றுக்குக் கூரையே கிடையாது. மழை வந்தால் நனைந்துகொண்டே போக வேண்டியதுதான். ஒரு கூரை போட ரயில் கம்பெனிக்கு என்ன பெரிய செலவாகிவிடும்? பிரச்சனை செலவில் இல்லை என்றார் டுபுய். மூன்றாம் வகுப்பு வசதியாக இருந்துவிட்டால், இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக் கூடியவரும் அதிலேயே ஏறிவிடுவார். ஏழையை நனைய விட்டது காசுள்ளவரைப் பயமுறுத்தத்தான்! வணிகவியல் புத்தகங்களில் 'விலைப் பாகுபாடு' என்று இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும் பாடத்தின் உயிர் இதுதான்.

இனி விமானம். அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானங்களில் 1952ல் டூரிஸ்ட் வகுப்பு வந்தது. 1958ல் அதைவிட மலிவாக எகானமி வகுப்பு வந்தது. அப்போதெல்லாம் சர்வதேசக் கட்டணம், சேவை எல்லாவற்றையும் விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவில் கூடிப் பேசித்தான் முடிவு செய்வார்கள். எகானமி பயணிக்கு சாண்ட்விச் மட்டும்தான், அதுவும் எளிமையானதாக, விலை குறைந்ததாக இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ் ஒரு துண்டு ரொட்டியின் மேல் வகைவகையாக அடுக்கி, கிட்டத்தட்ட முழுச் சாப்பாட்டையே 'சாண்ட்விச்' என்ற பெயரில் பரிமாறியது. அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனம் புகார் செய்தது. முடிவில் எஸ்ஏஎஸ்ஸுக்கு அபராதம்! மலிவு டிக்கெட்காரருக்கு நல்ல சாப்பாடு போட்டதுதான் குற்றம். வகுப்புகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் தானாக வந்ததல்ல, காவல் போட்டுக் காக்கப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

1978ல் அமெரிக்கா உள்நாட்டு விமானக் கட்டணத்தின் மேல் இருந்த அரசுக் கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் கொண்டுவந்தது. அதுவரை விலையை அரசு வாரியம் நிர்ணயித்ததால், நிறுவனங்கள் சாப்பாட்டிலும் உபசரிப்பிலும் போட்டி போட்டன. அதற்குப் பிறகு போட்டி விலைக்கு மாறியது. இதனால் நன்மை இல்லை என்று சொல்ல முடியாது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் கட்டணம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்த எத்தனையோ குடும்பங்கள் அதில் ஏறியிருக்கின்றன.

ஆனால் அதற்கான பில் அங்குலக் கணக்கில் வந்தது. ஒரு சீட்டின் முதுகிலிருந்து அடுத்த வரிசை சீட்டின் முதுகு வரை உள்ள தூரத்தை 'பிட்ச்' என்பார்கள். ஒரு காலத்தில் எகானமியில் 34, 35 அங்குலம் சாதாரணம். இன்று 30, 31. சில மலிவு விலை நிறுவனங்களில் 28. போயிங் 777 வந்த புதிதில் பல நிறுவனங்கள் எகானமியில் வரிசைக்கு 9 பேரை உட்கார வைத்தன. இன்று அதே விமானத்தில் 10 பேர் உட்காருவது சகஜம். விமானம் அகலமாகவில்லை, ஆட்களும் ஒல்லியாகவில்லை!

அடுத்து, ஏற்கனவே இருந்ததைப் பிரித்து விற்கும் வேலை தொடங்கியது. 1999ல் யுனைடெட் நிறுவனம் கால் நீட்டச் சில அங்குலம் கூடுதலாக உள்ள 'எகானமி பிளஸ்' கொண்டுவந்தது. பழைய எகானமியில் சும்மா கிடைத்த இடம்தான் ஏறக்குறைய அது. இன்று அதற்குத் தனிக் காசு. 2008ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பயணியின் முதல் பெட்டிக்கே 15 டாலர் வாங்க ஆரம்பித்தது. 2012ல் டெல்டா 'பேசிக் எகானமி'யை அறிமுகப்படுத்தியது. டிக்கெட்டை மாற்ற முடியாது, சீட்டை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கவும் முடியாது. 2017ல் யுனைடெட்டும் அமெரிக்கனும் இதே வழிக்கு வந்தன. சீட் நம்பரை முன்னாலேயே சொல்லிவிட்டால் கம்பெனிக்கு என்ன செலவு? ஒன்றுமே இல்லை. டுபுய் சொன்ன கூரை இதுதான்.

பின்னால் இப்படிச் சுருங்க, முன்னால் என்ன நடந்தது? 1990களின் நடுவில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் முதல் வகுப்பில் முழுக்கப் படுக்கும் கட்டில் போட்டது. 2000ல் அதே வசதி பிசினஸ் வகுப்புக்கும் வந்தது. 2007ல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏ380 விமானத்தில் கதவு வைத்த தனி அறை, இருவர் படுக்கும் மெத்தை. 2008ல் எமிரேட்ஸ் ஏ380ல் ஷவர்! 2014ல் எத்திஹாட் ஒருபடி மேலே போய் வரவேற்பறை, படுக்கையறை, குளியலறை என்று ஒரு குட்டி வீட்டையே பறக்க விட்டது. எமிரேட்ஸின் 517 சீட் கொண்ட ஏ380ல் முதல் வகுப்பு 14 பேருக்கு, எகானமி 427 பேருக்கு. அந்த 14 பேருக்கு மட்டும் இரண்டு ஷவர் அறைகள்.

முதல் வகுப்பே இப்போது குறைந்து வருகிறதே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். 2022ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கூட சர்வதேச விமானங்களில் அதைக் கைவிடப் போவதாகச் சொன்னது. ஆனால் கத்தார் ஏர்வேஸ் 2017லேயே பிசினஸ் வகுப்புக்குக் கதவு வைத்துவிட்டது. பெயர்ப்பலகை மாறியதே தவிர இடைவெளி குறையவில்லை.

முன்னால் இருப்பவர் கொடுக்கும் பெரிய தொகையால்தான் பின்னால் இருப்பவருக்கு மலிவு டிக்கெட் கிடைக்கிறது என்று நிறுவனங்கள் தரப்பில் சொல்வார்கள். நீண்டதூர விமானங்களில் இதில் நிறைய உண்மை உண்டு. அதனால் திரைச்சீலையைக் கிழித்து எல்லோரையும் ஒரே மாதிரி உட்கார வைப்பது தீர்வாகாது. ஆனால் பின்பக்கம் எவ்வளவு தூரம் சுருங்கலாம் என்பதற்கு ஓர் எல்லை வேண்டாமா?

இது வெறும் சொகுசுப் பிரச்சனையும் இல்லை. ஆபத்து நேரத்தில் பாதி வாசல்கள் மட்டுமே திறந்திருந்தாலும் எல்லோரும் 90 வினாடிக்குள் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் ஒரு விமான ரகத்துக்கு அனுமதி. முட்டி இடிக்கும் வரிசையிலிருந்து வயதானவரும், கைக்குழந்தை வைத்திருப்பவரும் எவ்வளவு வேகமாக எழுந்து வர முடியும்? 2017ல் வாஷிங்டனில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை 'நம்பவே முடியாதபடி சுருங்கும் விமான இருக்கை வழக்கு' என்று வர்ணித்து, அமெரிக்க விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏவை மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. 2018ல் அமெரிக்க காங்கிரஸ், இருக்கைக்குக் குறைந்தபட்ச அளவை ஓராண்டுக்குள் நிர்ணயிக்க வேண்டும் என்று சட்டமே போட்டது. எஃப்ஏஏ சோதனை நடத்தியது. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் எல்லோரும் 60 வயதுக்கு உட்பட்ட, உடல் திடமுள்ள பெரியவர்கள்! கெடு தாண்டியும் அந்த அளவு வரவில்லை. 2023ல் எஃப்ஏஏவைக் கட்டாயப்படுத்தவும் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

ரயில் காலத்திலேயே இதற்கு வழி காட்டிவிட்டார்கள். 1844ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. தினமும் ஒரு ரயிலாவது மைலுக்கு ஒரு பென்னி கட்டணத்தில் ஓட வேண்டும், அதில் மூன்றாம் வகுப்புப் பயணிக்கு வெயில் மழையிலிருந்து பாதுகாப்பு இருக்க வேண்டும் என்றது. முதல் வகுப்பின் மெத்தையை யாரும் பிடுங்கவில்லை. கீழே இருந்தவருக்கு ஒரு கூரை வந்தது, அவ்வளவுதான்.

மேலே ஷவர் இருக்கட்டும், கட்டில் இருக்கட்டும், வீடே கூட இருக்கட்டும். காசுக்கேத்த தோசை நியாயம்தான். ஆனால் எவ்வளவு காசு குறைந்தாலும், அதைத் தோசை என்று சொல்ல ஒரு குறைந்தபட்ச அளவாவது வேண்டும் இல்லையா?