பொன்வண்டும் பிவிசி பைப்பும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பால்கனியில் உட்கார்ந்து பிவிசி பைப்பை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தேன். காபியோடு வந்த தங்கமணி, "என்ன, ஆபீஸ்ல ஆணி புடுங்கினது போதும்னு பிளம்பர் வேலைக்குப் போறீங்களா?" என்றார். லென்ஸ் செய்கிறேன் என்றேன். காபி மட்டும் கிடைத்தது, பதில் வரவில்லை.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். கோவில்பட்டிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பொன்வண்டைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழை பெய்து முடிந்ததும் வேலமரத்தில் வந்து உட்காரும். பிடித்துத் தீப்பெட்டியில் போட்டு, நாலு வேல இலையையும் போட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போவோம். கணக்கு வாத்தியார் போர்டு பக்கம் திரும்பும்போது பெட்டியைத் திறந்து முட்டை போட்டிருக்கிறதா என்று பார்ப்போம். எங்கள் ஊரில் தீப்பெட்டிக்கா பஞ்சம்!

அப்பா அதே பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர். 1994ல் செத்துக் கிடந்த ஒரு பொன்வண்டை எடுத்துக் காயவைத்து, பஞ்சில் வைத்து, ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளுக்குக் காட்டுவார். "இது சாயம் இல்லலே. மேல் ஓட்டுல அடுக்கடுக்கா மெல்லிசாப் படலம் இருக்கு, அதுல வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறதுதான் இந்தப் பச்சை. சாயம்னா வெளுத்துப் போகும், இது போகாது" என்பார். உண்மைதான். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் நம் நாட்டில் வண்டுச் சிறகு வைத்துத் தைத்த துணிகள் அருங்காட்சியகங்களில் இன்றும் மின்னுகின்றன.

2023 தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அப்பா அந்தத் தீப்பெட்டியை என் கையில் கொடுத்தார். "எனக்கு இனிமே இது தெரியாதுடா, பாப்பாவுக்குக் காட்டு." அவருக்கு மாக்குலர் டிஜெனரேஷன், உலர்ந்த வகை. பார்வையின் நடுப்பகுதி அழித்துவிட்ட மாதிரி இருக்கும், ஓரங்கள் தெரியும். எதிரே நிற்பவரின் சட்டை தெரியும், முகம் தெரியாது. போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் எதையும் பெரிதாக்கிக் கொடுத்தால், தலையைச் சாய்த்துக் கடைக்கண்ணால் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துவிடுகிறார். அப்போதுதான் இந்தக் கிறுக்கு பிடித்தது. 4 செ.மீ. வண்டை 6 அடிக்குப் படமாக எடுத்துக் கொடுத்தால் என்ன?

வேலை ரெண்டு விதமாக இருக்கிறது. இவ்வளவு கிட்டப் போனால் ஒரு படத்தில் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நூறு படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மட்டும் எடுத்துச் சேர்க்க வேண்டும். இது அடுக்குவது. முழு வண்டும் ஒரு சட்டத்துக்குள் அடங்காது என்பதால் கட்டம் கட்டமாக எடுத்து ஒட்டவும் வேண்டும். இது தைப்பது.

முதலில் சாதாரணமாக 50 மி.மீ. லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டி எடுத்தேன். ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகப் பார்த்தால் பிரமாதம். ஒட்டினால் வண்டுக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது! கழுத்துப் பகுதி முழுக்க ஊசியால் குத்தினது போலக் குழிகள். இடது கட்டத்தில் குழியின் ஒரு பக்கச் சுவர் தெரிகிறது, வலது கட்டத்தில் அதே குழியின் இன்னொரு சுவர். ரெண்டும் பொருந்துவேனா என்கின்றன.

காரணம் புரிய எனக்கு ரெண்டு வாரம் ஆனது. உங்களுக்கு ரெண்டு நிமிஷத்தில் சொல்கிறேன். கரண்ட் போன ராத்திரியில் மெழுகுவர்த்தி முன்னால் கையை நீட்டினால், வர்த்திக்குக் கிட்டப் போகப்போகச் சுவரில் நிழல் பெரிதாகிக்கொண்டே போகும். வெயிலில் அப்படி இல்லை. கை தரைக்கு ஒரு அடி மேலே இருந்தாலும் மூணு அடி மேலே இருந்தாலும் நிழல் ஏறக்குறைய ஒரே அளவுதான். சூரியன் அவ்வளவு தூரத்தில் இருப்பதால் கதிர்கள் இணையாக வருகின்றன. சாதாரண லென்ஸ் மெழுகுவர்த்தி மாதிரி. கிட்ட இருப்பது பெரிசு, தள்ளி இருப்பது சிறிசு, நடுவில் நேராகவும் ஓரத்தில் சாய்வாகவும் பார்க்கும். டெலிசென்ட்ரிக் லென்ஸ் வெயில் மாதிரி. எந்தப் புள்ளியையும் நேர் மேலிருந்தே பார்க்கும், தூரத்துக்கு ஏற்ப அளவு மாறாது. அதனால் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் தரையில் டைல்ஸ் போட்ட மாதிரி உட்காரும். தொழிற்சாலைகளில் பாகங்களை அளக்க இந்த லென்ஸ்தான் வைத்திருக்கிறார்கள். விலையைக் கேட்டுவிட்டு மரியாதையாகப் பிவிசி பைப் வாங்கப் போனேன்.

ரகசியம் இதுதான்: முன்னால் இருக்கும் லென்ஸின் பின்பக்கக் குவியத்தில் ஒரு ஓட்டையை வைத்துவிட்டால், பொருளிலிருந்து அச்சுக்கு இணையாக வரும் கதிர்களும் அவற்றை ஒட்டியவையும்தான் உள்ளே நுழையும். மற்றதெல்லாம் தடுக்கப்படும்.

கேமரா, அதில் சாந்தினி சௌக் கூச்சா சௌத்ரி மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய 135 மி.மீ. பழைய மானுவல் லென்ஸ், ஃபோகஸ் முடிவிலியில். அதன் முன்னால் பைப். பைப்பின் மறுமுனையில் தலைகீழாக 50 மி.மீ. லென்ஸ். 135ஐ 50ஆல் வகுத்தால் 2.7 மடங்கு. ரெண்டு லென்ஸும் முழுசாகத் திறந்தே இருக்கும், நடுவில் இருக்கும் ஓட்டைதான் அப்பெர்ச்சர். அந்த ஓட்டையைக் கறுப்பு அட்டையில் 8 மி.மீ.க்குப் போட்டுக் கொடுத்தவர் எங்கள் செக்டர் மார்க்கெட்டில் செருப்புத் தைக்கும் பெரியவர். பெல்ட்டுக்கு ஓட்டை போடும் பஞ்ச்சால் ஒரே தட்டு, பிசிறில்லாத வட்டம். காசு வாங்க மறுத்துவிட்டார்.

குவியம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். லென்ஸின் கேமரா மாட்டும் பக்கத்தை ஜன்னலுக்குக் காட்டி, மறுபக்கம் டிரேசிங் பேப்பரைப் பிடித்தால், எதிர் அபார்ட்மெண்டின் தண்ணீர்த் தொட்டி தலைகீழாகத் தெளிவாக விழும் இடம்தான் அது. எனக்குக் கண்ணாடியிலிருந்து இரண்டரை செ.மீ. வந்தது.

அதை அப்படியே நம்பிவிடாதீர்கள், நான் நம்பி ஒரு வாரம் போனது. கிராஃப் தாளை வைத்து ஒரு படம், 5 மி.மீ. கீழே இறக்கி ஃபோகஸைத் தொடாமல் இன்னொரு படம். மங்கலாக இருந்தாலும் ஓரத்துக் கோடுகள் அதே இடத்தில் இருக்க வேண்டும். கீழே போனதும் கட்டங்கள் சிறுத்தால் ஓட்டையைக் கேமரா பக்கம் தள்ள வேண்டும், பெருத்தால் முன் லென்ஸ் பக்கம். எனக்குப் பெருத்தது. தள்ளி இருப்பது பெரிதாகத் தெரிகிற உலகம், ஒரு தாயக்கட்டையை வைத்துப் பார்த்தேன், மேல்முகமும் சுற்றியுள்ள நாலு பக்கமும் ஒன்றாகத் தெரிந்தன! பாப்பா அரை மணி நேரம் அதை விட்டு நகரவில்லை.

வண்டை நகர்த்த, அம்பாலாவில் செய்த மைக்ரோஸ்கோப் ஒன்றின் மெக்கானிக்கல் ஸ்டேஜ், இடவலமும் முன்பின்னும். மேலும் கீழும் போக மைக்ரோமீட்டர் வைத்த ஸ்லைடு. பிளஸ் டூ லேபில் திருகு அளவி என்று படித்தோமே, அதேதான். ஒரு சுற்றுக்கு அரை மி.மீ., 50 பிரிவு. ஒரு படத்துக்கு 7 பிரிவு, அதாவது 0.07 மி.மீ. ஸ்லைடு லென்ஸின் அச்சுக்கு இணையாக இல்லாவிட்டால் அடுக்கும்போது படம் வழுக்கிக்கொண்டே போகும், தைக்கும்போது அழ வேண்டியதுதான். செரீன் ஸ்டேக்கரில் அளவு திருத்தும் வசதியை அணைத்துவிட்டேன், அளவுதான் மாறாதே. பளபளப்பை அடக்க, அடியை வெட்டிய தயிர் டப்பாவை வண்டின் மேல் கவிழ்த்து, வெளியிலிருந்து ரெண்டு எல்.இ.டி.

நீளத்துக்கு 7, அகலத்துக்கு 4 ஆக 28 கட்டம். மொத்தம் 2,100 படங்களுக்குக் கொஞ்சம் மேல். திருகு, கை எடு, நாலு எண்ணு, கிளிக். பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் ஓடினால் நிறுத்து. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஒன்பது நாள். மறுநாள் மீட்டிங்கில் தூங்கி டமேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

வாலிலிருந்து ஆரம்பித்திருந்தேன். ஆறாவது ராத்திரி தலைப்பகுதிக்கு வந்தபோது ஒரு தூசி கண்ணில் பட்டது. சின்ன பிரஷ்ஷால் தட்டினேன். இடது உணர்கொம்பு உதிர்ந்துவிட்டது. முப்பது வருஷம், எத்தனை வகுப்புப் பிள்ளைகள் கையில் வாங்கிப் பார்த்தும் உடையாத வண்டு. டார்ச் வெளிச்சத்தில் தரை முழுக்கத் தேடினேன். காலையில் பாப்பாவும் பூதக்கண்ணாடியோடு தேடினாள். கிடைக்கவில்லை.

"தாத்தாகிட்ட சொல்லணுமாப்பா?" என்றாள்.

வலது கொம்பு நன்றாகவே இருந்தது. அதை நகலெடுத்துத் திருப்பி ஒட்டப் பத்து நிமிஷம் போதும். ஒட்டியும் பார்த்தேன், யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதுவும் அப்பாவால்... அந்த நினைப்பு வந்ததும்தான் அசிங்கமாக இருந்தது. அந்தக் கோப்பை அழித்தேன். மீதி ராத்திரிகளில் கொம்பில்லாமலேயே எடுத்து முடித்தேன். ஃபிஜி மென்பொருளில் 28 கட்டங்களையும் கொடுத்தேன். ஒரு குழிகூட ரெண்டாகத் தெரியவில்லை.

கோவில்பட்டியில் சித்தப்பா மகன் ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தான். கடைக்காரர், "யாருக்கு அண்ணே பிறந்தநாள்? தலைவர் போட்டோ எங்க?" என்று கேட்டாராம். திண்ணைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டு வீடியோ காலில் காட்டினான்.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தலையை வலப்பக்கம் சாய்த்தார். வால் பக்கமிருந்து மெதுவாக நகர்ந்து வந்தார். நடுவில் ஒரு தடவை கையால் தடவிக்கூடப் பார்த்தார். "குழி குழியா இருக்குல்லா... ஒவ்வொண்ணும் தெரியுது" என்றார். தலைக்குப் பக்கம் வந்ததும் நின்றார். கழுத்தை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"ஏலே, இடது பக்கக் கொம்பு எங்கலே?"

பிரஷ் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.