காணித் தொழிலும் என் குருமாரும்

யாழ்ப்பாணத்தில் காணித் தொழிலுக்குக் காசு வேணும்; அதைவிட ஆட்கள் வேணும்.

16 பரப்பு ஒரு ஏக்கர் என்று யாரும் சொல்லித்தருவார்கள். ஆனால் "தம்பி, முதல்ல பக்கத்துக் காணிக்காரரோட கதையும், பிறகு அளப்பம்" என்று கதியால் வேலியைக் காட்டிச் சொன்னவர் ஒரு வயதான நில அளவையாளர் ஐயா.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி கூட்டுரித்தாளருக்கும் வாரிசுகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947இல் இதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. அவர்களுக்கு அறிவிக்காமல் உறுதி முடித்தால் வழக்கில் போய் நிற்கும். மனைவி தன் காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் தேவை. இவற்றைப் பழக்கியவர் ஒரு நொத்தாரிசு அக்கா.

எங்களுடையது சுண்ணாம்புக்கல் நிலம்; கழிவு கிணற்றுத் தண்ணிக்குள் இலகுவாக ஊறிவிடும். அதனால் மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் தூரம் பார்த்தே துண்டு பிரிக்கவேணும் என்றார் ஒரு மேசன் அண்ணை.

புதிதாக வரும் தம்பி, தங்கச்சிமார் விளம்பரத்துக்கு முன் இப்படி மூன்று பேரைத் தேடுங்கோ. கனடாவில் இருக்கிற காணிக்காரர் உங்களை நம்புவது, ஊரில் அவர் நம்புகிற ஒருவர் "ஓம், நல்ல பிள்ளை" என்று சொன்ன பிறகுதான்.