ஒரு மணி நேரப் பயணம்

இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே வானில் நேர்கோடாக அளந்தால் ஏறத்தாழ 344 கிலோமீட்டர். "விமானத்தில் ஒரு மணி நேரம்" என்று யாவரும் கூறுவர். நாமும் ஒருமுறை அதை நம்பினோம். நம்பியதோடு அமையாமல் பிறரையும் நம்பச் செய்தோம்.

2009-ஆம் ஆண்டுக் கோடையில், விடுமுறையில் சென்ற பங்குத் தந்தை ஒருவருக்குப் பதிலாக இலண்டனில் பணியாற்றி வந்தோம். குருமடத்தில் நமக்கு அளவை நூல் கற்பித்த பிரெஞ்சு மறைபரப்பாளர் அப்போது பாரிசில் ஓய்வில் இருந்தார், வயது எண்பத்தாறு. "ஒரு மணி நேரப் பயணந்தான், சுவாமி, நண்பகல் உணவிற்கு வந்துவிடுவோம்" என்று தொலைபேசியில் அறிவித்தோம்.

விமானம் பத்து மணிக்கு. பங்கு இல்லத்தை விட்டுப் புறப்பட்டதோ காலை ஆறரைக்கு! ஹீத்ரோ நிலையம் நகருக்கு மேற்கே இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அங்கே சோதனைகளுக்காக இரண்டு மணி நேரம் முன்னதாக நிற்க வேண்டும். விமானங்கள் காற்றை எதிர்த்தே எழும்புவன. அங்கு பெரும்பாலும் வீசுவது மேல்காற்று. ஆகவே தென்கிழக்கே செல்ல வேண்டிய நாம், முதலில் மேற்கே பறந்து, பின்னரே வளைந்து திரும்பினோம். இறங்கியபோது மற்றொன்று தெரிந்தது: பாரிசின் கடிகாரம் இலண்டன் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முந்தியது. அதை நாம் அடியோடு மறந்திருந்தோம்! பின்னர் கடவுச்சீட்டுச் சோதனைக்கான நீண்ட வரிசை; நகருக்குள் செல்ல மீண்டும் இரயில். ஆசிரியரின் வாயிலை அடைந்தபோது அங்கே மணி இரண்டரை.

வீடு முதல் வீடு வரை ஏழு மணி நேரம். 1929-இல் தொடங்கிய 'தங்க அம்பு' என்னும் இரயில், இடையே கால்வாயைக் கப்பலில் கடந்தும், பயணிகளை இலண்டன் நிலையத்திலிருந்து பாரிஸ் நிலையத்திற்கு ஏறத்தாழ ஆறரை மணி நேரத்தில் சேர்த்ததாம்!

ஆசிரியர் உண்ணாமல் காத்திருந்தார். இரு தட்டுகளும் கவிழ்த்தபடியே இருந்தன. நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் முறுவலித்துத் தூய தமிழில் சொன்னார்: "நீர் விமானத்தின் நேரத்தைச் சொன்னீர், உம்முடைய நேரத்தைச் சொல்லவில்லை. அளவை நூல் தேர்வில் உமக்கு மதிப்பெண் கூட்டித்தான் போட்டுவிட்டேன் போலும்!"

மாலையிலேயே நாம் திரும்ப வேண்டியிருந்தது. கடலடிச் சுரங்கத்தின் வழியே இரயில் இரண்டேகால் மணி நேரத்தில் இலண்டனின் நடுவிலேயே கொண்டு சேர்த்தது. காலையிலும் அதிலேயே சென்றிருக்கலாம். பெயரளவில் விமானம் விரைவானது என்று எண்ணி ஏமாந்தோம்.

அடுத்த ஆண்டு அவர் இறைவனடி சேர்ந்தார். அவரோடு நாம் உண்ட கடைசி உணவு அதுவே. அந்த ஒரே நாளின் சந்திப்பில் இரண்டரை மணி நேரத்தை நமது தவறான கணக்கு விழுங்கிவிட்டது.

உங்கள் பிள்ளைகள் தொலைநாடுகளிலிருந்து வருவதாக எழுதும்போது விமான நேரத்தை மட்டுமே எழுதுவார்கள். வாயிலில் நிற்கும் தாய்க்கோ, அவர்கள் அங்கே கதவைப் பூட்டிய நொடியிலிருந்து இங்கே கதவைத் தட்டும் வரையில் எல்லாமே பயணந்தான். அந்த நேரத்தையே சொல்லச் சொல்லுங்கள். நாமும் இப்போது அப்படித்தான் சொல்லி வருகிறோம்.