குழலுக்கு ஏது குலம்?

மேனாட்டுக் குழலிலே நம் இராகமா? விசைகளை அழுத்தினால் சுரம் ஒன்றன்பின் ஒன்றாய்த் துண்டு துண்டாக ஒலிக்கும் கருவியிலே கமகம் குழையுமா? இப்படிக் கேட்டவர்கள் உண்டு, தோழர்களே! கேட்டவர்கள் முன்னிலையில் ஊதிக் காட்டினார் ஒருவர். அவர் கத்ரி கோபால்நாத்.

1846-ல் பெல்ஜிய நாட்டு அடால்ஃப் சாக்ஸ் பாரிசில் காப்புரிமை பெற்றது சாக்சபோன். படை வாத்தியக் குழுக்களில் முழங்கிய அதனை அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் கையேந்தினர். கண்ணீரும் களிப்புமாய் ஜாஸ் பொங்கிற்று. சார்லி பார்க்கர் ஊதுகையில், நிறங்கண்டு கதவடைத்த நாடே காது கொடுத்துக் கேட்டது. விந்தைதான்!

மங்களூருக்கு அருகே பண்ட்வால் வட்டாரத்தில் 1949-ல் பிறந்தவர் கோபால்நாத். தந்தை நாதசுரக் கலைஞர். மகனோ, மைசூர் அரண்மனை பேண்டு வாத்தியத்தில் சாக்சபோன் கேட்டு மனத்தைப் பறிகொடுத்தார். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார். விசை தர மறுத்த குழைவை உதட்டாலும் மூச்சாலும் வரவழைக்க ஆண்டுகள் பல உழைத்தார். வரம் வாங்கி வந்த வித்தையன்று அது!

1980-ல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்சபோன் கலைஞர் ஜான் ஹாண்டியோடு இணைந்து வாசித்தார். 1994-ல் இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பிபிசியின் இசைவிழா. அதே ஆண்டில் ‘டூயட்’ திரைப்படம். 2008-ல் ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவுடன் ‘கின்ஸ்மென்’ இசைத்தட்டு. ‘உறவினர்’ என்பது அதன் பொருள். 2019 அக்டோபரில் மறைந்தார். அவர் வாசித்தவற்றுள் பெரும்பாலானவை பக்திக் கீர்த்தனைகள். அந்தப் பக்தி நமக்கு உடன்பாடன்று; ஆயினும் அந்த நாதத்தை எழுந்துபோக மனமின்றிக் கேட்டிருக்கிறேன்.

சிவகாசிப் பக்கத்துத் திருமண ஊர்வலங்களிலும் இதே குழல்தான் முழங்குகிறது. சரவெடி ஓசையினூடே ஊதிக் களைத்தவனுக்குக் கடைசிப் பந்தி! சபா மேடையேறினால் பொன்னாடை, தெருவில் நடந்தால் ஏளனம் என்றால், மதிப்பு இசைக்கா, இடத்துக்கா?

என் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை பேண்டு செட்டில் சாக்சபோன் வாசிப்பவர். படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதித் தந்தான்.

“ஏனப்பா இப்படி?”

“பசங்க சிரிப்பாங்க சார்.”

கோபால்நாத்தின் கதையைச் சொன்னேன். ‘டூயட்’ இசையைக் கைப்பேசியில் ஒலிக்கச் செய்தேன். தலை நிமிர்ந்தான்.

“இதை எங்கப்பா இதவிட வேகமா வாசிப்பாரு சார்!”

படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ‘கூலி’யை அடித்தான்.